33 பக்கக் கடிதம்: ஓட்டிசத்தை முதலில் கண்டவர்கள்

"ஆம்பிளைப் பிள்ளை தானே, கொஞ்சம் லேட்டாத்தான் கதைக்கும்."

இந்த வசனத்தைக் கேட்காத வீடு எங்கட பக்கம் இருக்குமா தெரியவில்லை. இதற்குப் பின்னால் வழக்கமாக இன்னொன்றும் வரும்: "தகப்பனும் நாலு வயசிலதான் வாய் திறந்தவர்." பிறகு யாராவது வசம்பு உரைச்சு நாக்கில் தடவச் சொல்லுவார்கள். யாராவது கோயிலில் நூல் கட்டச் சொல்லுவார்கள்.

எங்கள் குழுவில் ஒருத்தியின் அக்கா இதையெல்லாம் ஏறத்தாழ ஒரு வருஷம் கேட்டுக்கொண்டிருந்தா. மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் பைக்கற் உடைக்கிற சத்தம் கேட்டால் ஓடி வந்துவிடுவான். விளையாட்டுக் காரைக் கவிழ்த்து வைத்துச் சில்லை மட்டும் சுற்றிக்கொண்டே இருப்பான். ஏதாவது வேண்டுமென்றால் கை நீட்டிக் காட்டத் தெரியாது, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பொருளின் மேல் வைப்பான். ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்று அக்காவுக்கு விளங்கியது. சொன்னபோது கிடைத்த பதில்கள் இரண்டே வகைதான். ஒன்று, "நீ சும்மா யோசிக்கிறாய்." மற்றது, "நீ போனைக் குடுத்துப் பழக்கினதால வந்தது." முதல் பதில், அவ கண்டது பொய் என்கிறது. இரண்டாவது, கண்டது சரி, குற்றவாளி நீதான் என்கிறது.

இதைப் பற்றி எழுதுவோம் என்று வாசிக்கத் தொடங்கினபோதுதான், இந்த இரண்டு பதில்களும் எங்கட ஊர்ச் சரக்கு மட்டும் இல்லை என்று தெரியவந்தது. ஓட்டிசம் என்ற சொல் ஒரு பிள்ளையின் நிலைக்குப் பெயராக வந்த நாளில் இருந்தே பெற்றோர் இவற்றைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

1938. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபொரஸ்ட் என்ற சின்ன ஊர். அங்கே பீமன் ட்ரிப்லெட் என்ற வக்கீலும் அவருடைய மனைவி மேரியும் இருந்தார்கள். மேரியின் குடும்பத்துக்கு அந்த ஊரில் ஒரு வங்கியே சொந்தம். மூத்த மகன் டொனால்ட் 1933இல் பிறந்தவன். நாலு வயசாகும் சமயத்தில், மருத்துவர்களின் ஆலோசனைப்படி அவனை வீட்டில் இருந்து தூரத்தில் உள்ள ஒரு பராமரிப்பு நிலையத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. ஏறத்தாழ ஒரு வருஷத்துக்குப் பிறகு பெற்றோர் மனம் கேட்காமல் போய் அவனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கூட்டிப் போகும்போது பிள்ளையைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டதற்கு நிலையத்தின் பொறுப்பாளர் எழுதிக் கொடுத்தது அரைப் பக்கம்கூட இல்லை. ஏதோ சுரப்பி நோயாக இருக்கலாம், அவ்வளவுதான்.

தகப்பன் எழுதினது தட்டச்சில் 33 பக்கம். பால்டிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கனர் என்ற சிறுவர் உளநல மருத்துவருக்கு அது போனது. மகன் ஒரு வயதிலேயே பாட்டுகளைச் சுருதி பிசகாமல் முணுமுணுத்ததையும், இரண்டு வயதாகும் முன்னரே எழுத்துகளை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் சொன்னதையும் அவர் எழுதியிருந்தார். சாப்பாடு எப்போதும் சிக்கல். தனியே விட்டால்தான் சந்தோஷம். தகப்பன் வேலையால் வந்தால் திரும்பிப் பார்க்கிறதில்லை. வேஷம் போட்ட கிறிஸ்மஸ் தாத்தாவைக் கொண்டுவந்து நிறுத்தியும் கவனிக்கவில்லை. கையில் கிடைத்த வட்டப் பொருளையெல்லாம் நிலத்தில் சுற்ற விடுவான், இடையில் குறுக்கிட்டால் பெரிய ரகளை.

மிசிசிப்பி வக்கீலின் கடிதத்துக்கும் யாழ்ப்பாணத்து அக்காவின் கவலைக்கும் இடையில் கிட்டத்தட்ட எண்பத்தைந்து வருஷம் இருக்கிறது. வாசித்தபோது எங்களுக்கு அந்தத் தூரம் தெரியவில்லை.

1938 ஒக்டோபரில் கனர் டொனால்டை நேரில் பார்த்தார். அதே மாதிரியான வேறு பிள்ளைகளும் அவரிடம் வந்தார்கள். 1943இல், 8 பையன்களும் 3 பெண் பிள்ளைகளுமாக 11 பேரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓட்டிசத்தின் வரலாறு பெரும்பாலும் அந்தக் கட்டுரையில் இருந்துதான் தொடங்கப்படுகிறது. (மொஸ்கோவில் க்ருன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் 1920களிலேயே இத்தகைய பிள்ளைகளை விவரித்து எழுதியிருந்தார். நீண்ட காலம் அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.) கனரின் கட்டுரையில் முதலாவது பிள்ளையாக வருகிற 'டொனால்ட் டி.' இந்தப் பையன்தான். அவனைப் பற்றிய பகுதியில் கணிசமான பங்கு தகப்பனின் கடிதத்தில் இருந்து எடுத்தது.

இனி வருவதுதான் எங்களைக் கோபப்படுத்தின இடம். அதே கட்டுரையின் கடைசிப் பகுதியில் கனர் பெற்றோரைப் பற்றிப் பேசுகிறார். பிள்ளை இத்தனை பாட்டுப் பாடினது, இத்தனை கேள்வி பதில் ஒப்புவித்தது என்று அவர்கள் விபரமாக எழுதி வைத்த குறிப்புகளையே எடுத்து, இந்தப் பெற்றோர் எவ்வளவு மிதமிஞ்சி நுணுக்கம் பார்ப்பவர்கள் என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார். அந்தக் குறிப்புகள் இல்லையென்றால் அவருக்குக் கட்டுரையே இல்லை! இருந்தும், இந்த நிலை பிறப்போடு வருவது என்று அந்தக் கட்டுரையை முடித்திருந்தார். 1949இல் எழுதினபோது அந்தக் கவனமும் போய்விட்டது. பனி உருகாத குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து வளர்க்கப்பட்டவர்கள் போல அந்தப் பிள்ளைகளை உருவகித்தார். 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்ற பட்டம் அங்கே இருந்துதான் பரவியது.

அதைப் பெரிதாக்கினவர் சிக்காகோவில் ஒரு விடுதிப் பள்ளியை நடத்தின புரூனோ பெட்டல்ஹைம். நாஸிகளின் டாக்காவ், புக்கன்வால்ட் முகாம்களில் அடைபட்டு மீண்டவர். முகாமில் நம்பிக்கை இழந்து தமக்குள் ஒடுங்கிப்போன கைதிகளையும் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளையும் அவர் ஒப்பிட்டார். அப்படியென்றால் முகாம் காவலாளியின் இடத்தில் இருப்பது யார்? பெற்றோர்தான், அதிலும் தாய். 1967இல் வந்த அவருடைய புத்தகம் நன்றாக விற்றது, தொலைக்காட்சியிலும் தோன்றினார். பிள்ளையைத் தாயிடம் இருந்து பிரிப்பதும் தாயை உளச்சிகிச்சைக்கு அனுப்புவதும் சிகிச்சை என்ற பெயரில் நடந்தன. தன் பிள்ளையில் ஒரு வித்தியாசத்தைக் கண்டு மருத்துவரிடம் போகிற தாய், நீ அன்பு காட்டாததால் வந்தது என்ற தீர்ப்போடு வீட்டுக்கு வருவா. அந்த நிலையில் இன்னொரு தாய் ஏன் போவா?

இந்தக் கதையை மாற்றினவர்களில் சிலர் பெற்றோராகவும் ஆய்வாளராகவும் இருந்தவர்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் அமெரிக்கக் கடற்படையில் வேலை செய்த ஓர் உளவியலாளர். ஓட்டிசத்துக்கும் அவர் துறைக்கும் சம்பந்தம் இல்லை. 1956இல் மகன் மார்க் பிறந்தான். குழந்தை அழுதுகொண்டே இருந்தது, தூக்கினால் ஒட்டவில்லை, பிறகு கேட்டதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வீட்டைச் சுற்றினது. இப்படி ஒரு பிள்ளையைப் பற்றிக் கல்லூரிக் காலத்தில் வாசித்தது மனைவி குளோரியாவுக்குத்தான் நினைவு வந்தது. வண்டிக் கொட்டகையில் கிடந்த பழைய புத்தகப் பெட்டியைக் கிளறி அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே இருந்தது அந்தச் சொல்.

பிறகு ரிம்லாண்ட் வருஷக்கணக்காகத் தேடி வாசித்தார். தாயின் குளிர்ச்சிதான் காரணம் என்பதற்கு ஆதாரமே இல்லை, இது உடலியல் சார்ந்தது என்று 1964இல் புத்தகம் எழுதினார். முன்னுரை கொடுத்தவர் கனரேதான். புத்தகத்தின் பின்னால் பெற்றோர் நிரப்ப ஒரு கேள்விப் பட்டியல் இருந்தது. பிள்ளை எப்போது சிரித்தது, தூக்கக் கை நீட்டியதா, பொருட்களைச் சுற்றுகிறதா என்ற மாதிரிக் கேள்விகள். பல பெற்றோர் அதை நிரப்பி அவருக்கு அனுப்பினார்கள். தனித்தனி வீட்டில் தனித்தனியாகப் பார்த்தது எல்லாம் முதல் தடவையாக ஓர் இடத்தில் சேரத் தொடங்கியது. 1965இல் அவரும் ரூத் சலிவன் போன்ற பெற்றோரும் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். 1969இல் அந்தச் சங்கத்தின் கூட்டத்துக்கு வந்த கனர், பெற்றோராகிய உங்களைக் குற்றத்தில் இருந்து விடுவிக்கிறேன் என்ற கருத்தில் பேசினார். இருபது வருஷம் பிந்தி.

பெட்டல்ஹைமின் புத்தகம் வந்த அதே 1967இல் இன்னொரு புத்தகமும் வந்தது. கிளாரா க்ளெய்போர்ன் பார்க் என்ற தாய் தன் மகளைப் பற்றி எழுதினது. பெட்டல்ஹைமின் தலைப்பு 'வெறுங் கோட்டை' என்று பொருள்படும். பார்க் வைத்த தலைப்பு 'முற்றுகை'. கோட்டை மூடியிருந்தால் வெளியே காத்திருந்து வழி தேடுவோம் என்கிற மாதிரி. மகள் தனக்குள்ளேயே விளையாடும் விளையாட்டில் மெதுமெதுவாகத் தானும் ஓர் இடம் பிடித்ததை அவ நாள்கணக்காக எழுதியிருக்கிறா. அந்த மகள் ஜெசி வளர்ந்து ஓவியராக அறியப்பட்டா.

இங்கிலாந்தில் லோர்னா விங். உளநல மருத்துவர், கணவரும் அதே துறை. மகள் சூசி 1956இல் பிறந்தா. கைக்குழந்தையோடு ரயிலில் போனபோது எதிரே இருந்த இன்னொரு தாயின் குழந்தை யன்னலுக்கு வெளியே எதையோ காட்டுவதும், அம்மாவும் பார்க்கிறாவா என்று திரும்புவதுமாக இருந்ததாம். சூசி ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை என்று அந்த இடத்தில் தனக்குக் குளிர் ஓடினதாகப் பிற்காலத்தில் ஒரு நேர்காணலில் சொன்னா. மருத்துவருக்கே அது புத்தகத்தில் இருந்து வரவில்லை, ரயிலில் பக்கத்துக் குழந்தையைப் பார்த்துத்தான் வந்தது.

1962இல் லண்டனில் பெற்றோர் சேர்ந்து தொடங்கின சங்கத்தில் விங்கும் ஒருவர். அவருடைய ஆய்வுகளில் எங்களுக்கு மிக முக்கியமாகத் தெரிவது பலரும் அதிகம் பேசாத ஒன்று. ஓட்டிசம் படித்த, வசதியான வீடுகளில்தான் வரும் என்று கனர் காலத்தில் இருந்து நம்பினார்கள். யோசித்துப் பார்த்தால் விளங்கும். 33 பக்கம் தட்டச்சுச் செய்து அனுப்பவும் பல நூறு மைல் ரயில் ஏறி பால்டிமோர் போகவும் யாரால் முடியும்? வக்கீலாலும் வங்கிக் குடும்பத்தாலும் முடியும். விங்கும் ஜூடித் கூல்டும் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில், மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணாமல், அந்தப் பகுதியில் விசேட தேவையுள்ள 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தேடிப் பார்த்தார்கள். 1979இல் முடிவு வந்தது. எல்லா வர்க்கத்து வீடுகளிலும் இந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். கனரின் விபரிப்புக்குள் அச்சொட்டாகப் பொருந்தாமல், ஆனால் அதே வகைச் சிரமங்களோடு, இன்னும் பலர் இருந்தார்கள். 'ஸ்பெக்ட்ரம்' என்று இன்று நாங்கள் சாதாரணமாகச் சொல்வது அங்கே இருந்து வளர்ந்த சிந்தனை. 1977இல் சூசன் போல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 சோடி இரட்டையரை ஆராய்ந்து மரபணுவின் பங்கைக் காட்டியிருந்தார்கள். தாயைக் குற்றம் சொல்லும் கோட்பாட்டுக்கு அதற்குப் பிறகு நிற்க இடம் இருக்கவில்லை.

பெற்றோர் பார்த்தது உண்மையிலேயே அவ்வளவு சீக்கிரம் தெரியக்கூடியதா, அல்லது பிறகு யோசித்துச் சொல்கிறார்களா? இந்தச் சந்தேகத்துக்கு 1994இல் ஒரு அழகான வழியில் பதில் தேடினார்கள். ஒஸ்டர்லிங், டோசன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பின்னர் ஓட்டிசம் என்று அறியப்பட்ட 11 பிள்ளைகளினதும் வழமையாக வளர்ந்த 11 பிள்ளைகளினதும் முதலாவது பிறந்தநாள் வீடியோக்களை வாங்கிப் பார்த்தார்கள். கேக், பலூன், மாமா மாமி எல்லாம் இருக்கிற அதே வீடியோ. பிள்ளை அடுத்தவரின் முகத்தைப் பார்க்கிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா, விரலால் சுட்டுகிறதா, பொருளை எடுத்துக் காட்டுகிறதா: இந்த நாலை வைத்தே பெரும்பாலான பிள்ளைகளைச் சரியாகப் பிரித்தறிய முடிந்தது. எங்கட வீடுகளிலும் அப்படி எத்தனை வீடியோ கிடக்கிறது.

பெற்றோர் எப்போதும் சரி என்று சொல்ல வரவில்லை. 1998இல் அன்ட்ரூ வேக்பீல்ட் என்ற மருத்துவர் 12 பிள்ளைகளை வைத்து, தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று பிரபல மருத்துவ இதழில் எழுதினார். ஊசி போட்ட பிறகுதான் பிள்ளை மாறினான் என்று பெற்றோர் சொன்னதில் பிள்ளை மாறினது உண்மை, காரணம் பிழை. பிற்கால ஆய்வுகள் எதிலும் அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. 2010இல் இதழ் கட்டுரையை மீளப் பெற்றது, அவருடைய மருத்துவப் பதிவும் பறிக்கப்பட்டது. ரிம்லாண்டுமே பிற்காலத்தில் தடுப்பூசி மீது சந்தேகம் வளர்த்தவர்களோடு நின்றார். என்ன நடக்கிறது என்று காண்பதும் ஏன் நடக்கிறது என்று சொல்வதும் இரண்டு வேறு வேலை. போன் கதையும் அப்படித்தான். சின்னப் பிள்ளையிடம் போனைக் குறைத்தால் அதோடு கதைக்க, விளையாட நேரம் கிடைக்கும், அது நல்லது. ஓட்டிசம் போனால் வருவதில்லை. 1949இன் குளிர்சாதனப் பெட்டியைத்தான் இப்போது போன் என்ற பெயரில் தாயின் தலையில் இறக்குகிறோம்.

இன்னொரு குரலும் இந்த வரலாற்றில் பிந்தித்தான் வந்தது. 1993இல் டொரொன்டோவில் நடந்த ஒரு மாநாட்டில் ஜிம் சிங்க்ளேர் என்ற ஓட்டிசம் உள்ளவர் பெற்றோரைப் பார்த்துப் பேசினார். நீங்கள் எதிர்பார்த்த பிள்ளைக்காக அழுங்கள், பரவாயில்லை, ஆனால் உங்கள் முன்னால் உயிரோடு இருக்கிற எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்பது அதன் சாரம். டொனால்ட் ட்ரிப்லெட்டின் வாழ்க்கையும் அப்படித் துக்கம் கொண்டாட வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை. பட்டம் பெற்றார், குடும்ப வங்கியில் வேலை செய்தார், கோல்ஃப் விளையாடினார், தனியாகவே நாடு நாடாகப் பயணம் போனார். 2023இல், 89 வயதில், அதே ஃபொரஸ்டில் காலமானார். அவரை அந்த ஊர் தன் ஆளாகவே வைத்திருந்தது. வசதியான குடும்பம் என்பதையும் மறக்கக் கூடாது.

இலங்கைக்கு வருவோம். சிறுவர் உளநல மருத்துவர் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் ஒரு புறநகர்ப் பகுதியில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கு வந்தது. அதில் எங்களை நிறுத்தினது வேறு விடயம். மேற்கில் நன்றாக வேலை செய்த, பெற்றோர் ஆம் இல்லை என்று நிரப்பும் கேள்விப் பட்டியல் இங்கே பல பிள்ளைகளைத் தவறவிட்டது. எங்கட தாய்மாருக்குப் பார்க்கத் தெரியாது என்று இதற்கு அர்த்தம் எடுக்கலாம். அந்த ஆய்வாளர்கள் அப்படி எடுக்கவில்லை. பிழை கேள்வி கேட்கிற முறையில் இருக்கலாம் என்று எடுத்து, பிள்ளைகளின் நடத்தைகளைப் படங்களாகக் காட்டிக் கேட்கும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். உங்கட பிள்ளை இந்தப் படத்தில் உள்ள மாதிரிச் செய்வாரா என்று கேட்டால், 33 பக்கம் எழுதாத தாயும் சொல்லுவா.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதற்கும் பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில், இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, பெற்றோரோடு வேலை செய்தார்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படம் பிடித்து, பிறகு தாயோடு இருந்து அதைப் போட்டுப் பார்ப்பது. பிள்ளை ஒரு கணம் பார்த்தது, ஒரு சின்னச் சத்தம் போட்டது, எங்கே தவறவிட்டோம், எங்கே பதில் கொடுத்தோம் என்று. சில்லைச் சுற்றுகிற பிள்ளையின் கையில் இருந்து காரைப் பறிக்காமல், முன்னால் நிலத்தில் இருந்து, தானும் சுற்றி, "சுத்துது" என்று சொல்லி, அவன் பார்க்கும் வரை பொறுப்பது. பெற்றோர் பிள்ளைக்குப் பதில் கொடுக்கும் விதமும் பிள்ளை தானாகத் தொடர்புகொள்ள முயல்வதும் கூடினது.

வாசிக்கிற உங்களில் பலர் சித்தி, மாமா, பெரிய அக்கா வயசில் இருப்பீர்கள். வீட்டில் "லேட்டாத்தான் கதைக்கும்" என்று யாராவது சொல்லும்போது பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். ஒரு வயதாகியும் பெயருக்குத் திரும்பாமல், எதையும் சுட்டிக் காட்டாமல் இருந்தால், பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லையென்றால், இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லையென்றால், எந்த வயதிலும் கதைத்த பிள்ளை கதையை விட்டால், காத்திருக்க வேண்டாம். இவற்றில் ஒன்று இருந்தால் ஓட்டிசம்தான் என்றில்லை. காது கேட்கிறதா என்பதையும் முதலிலேயே பார்க்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் தருகிற சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக் கோட்டைத்தான் எல்லாரும் பார்க்கிறோம், வளர்ச்சிப் படிகளுக்கும் அதிலேயே பக்கம் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் குடும்பநல உத்தியோகத்தரிடமோ கிளினிக்கிலோ காட்டலாம். அங்கே இருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

அக்காவின் கதைக்கு வந்தால், முதலில் போன இடத்தில் மூன்று வயது வரை பார்ப்போம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவ விடவில்லை. ஒரு சீஆர் கொப்பி வாங்கி, ஒவ்வொரு நாளும் மகன் என்ன செய்தான், எதற்குச் சிரித்தான், எதற்கு அழுதான் என்று திகதி போட்டு எழுதினா. இரண்டாவதாகப் போன இடத்தில் டொக்டர் அந்தக் கொப்பியை வாங்கி முதல் பக்கத்தில் இருந்து வாசித்தாராம். மகன் இப்போது கிழமைக்கு ஒரு தரம் பேச்சுச் சிகிச்சைக்குப் போகிறான். போன மாதம் யன்னலுக்கு வெளியே நின்ற மாட்டைத் தன் விரலால் காட்டினான். அது இரண்டாவது கொப்பியில் இருக்கிறது.